வன்னியில் மழைநீர் சேகரிப்பு: தொட்டிக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு?

கார்த்திகையில் வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அதே வீட்டுப் படலையடியில் ஆவணியில் தண்ணீர்ப் பவுசரைப் பார்த்து வாளிகள் அடுக்கப்பட்டிருக்கும். வன்னி மழை குறைந்த நிலம் இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1200 முதல் 1400 மில்லிமீற்றர் வரை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை, சில கிழமைகளில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட வேண்டியிருந்ததும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிறகு பங்குனி, சித்திரையில் இடியோடு கொஞ்ச மழை. அதற்குப் பிறகு சோளகக் காற்று தொடங்கினால் புரட்டாதி வரை வானத்தை நம்ப முடியாது.

மழைநீர் சேகரிப்பு என்றதும் ஒரு தொட்டியைக் கட்டிவிட்டால் கிணறும் நிரம்பும், தோட்டமும் செழிக்கும் என்று பேசுகிறார்கள். அப்படி இல்லை. தொட்டி குடிப்பதற்கும் சமைப்பதற்கும். நிலம் கிணற்றுக்கு. இரண்டுக்கும் வேறு வேறு தண்ணீர், வேறு வேறு நேரம், வேறு வேறு சுத்தம். இதைப் பிரித்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் மேசன் வேலைதான்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கடினமான பழைய பாறை. வவுனியா, ஓமந்தை, நெடுங்கேணி, மாங்குளம் பக்கமெல்லாம் இதுதான். இந்தப் பாறைக்குள் தண்ணீர் அதிகம் நிற்காது. பாறையின் மேற்பகுதி உக்கி உதிர்ந்து கிடக்கும் படையிலும், பாறை வெடிப்புகளிலும்தான் நிற்கும். அந்தப் படை பல இடங்களில் ஆழம் குறைந்தது. அதனால் மார்கழியில் கையால் அள்ளும் உயரத்துக்கு வரும் கிணறு, ஆவணியில் அடிக்கல்லைக் காட்டுகிறது. பக்கத்துக் காணியில் குழாய்க்கிணறு அடித்தவருக்குத் தண்ணீர் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் பதில் இதுதான்: அவருக்கு வெடிப்பு அகப்பட்டது.

முழங்காவில், பூநகரிப் பக்கமும் மன்னார்க் கரையும் வேறு கதை. அங்கே சுண்ணாம்புக்கல்லும் மணலும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல் மேட்டுக்குள் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பொதுவான கணக்கு. கணக்கு மறுபக்கமும் ஓடும். மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். கரையோரத்தில் பெரிய மோட்டர் போட்டு இறைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் வளவு எது என்று அறிய ஒரு சின்னச் சோதனை போதும். ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். ஒருமுறை தண்ணீர் நிரப்பி ஊற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று தடியால் அளந்து பாருங்கள். மணலில் கண்முன்னே காணாமல் போகும். மணலும் களியும் கலந்த இருவாட்டி மண்ணில் நிதானமாக இறங்கும். அடுத்த நாளும் அப்படியே நின்றால் அது களி. அங்கே மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஊறு குழி வெட்டுவது காசைப் புதைக்கிற வேலை.

தோண்டுவதற்கு முன் இன்னொன்று. காட்டோரக் காணியோ நெடுநாள் ஆட்கள் இல்லாத காணியோ என்றால், கண்ணிவெடி அகற்றிய இடமா என்பதைக் கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்துங்கள். மண்ணுக்குள் இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி அறிவியுங்கள்.

கூரையின் கணக்கு

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் பல 550 சதுர அடி அளவிலானவை. தாழ்வாரத்தையும் சேர்த்துக் கூரையை 60 சதுர மீற்றர் என்று எடுப்போம். சிந்துவது, ஓட்டில் உறிஞ்சப்படுவது எல்லாம் போக நூற்றுக்கு எண்பது கைக்கு வரும். அப்படியானால் ஒவ்வொரு மில்லிமீற்றர் மழைக்கும் 48 லீற்றர். ஆண்டு மழை 1250 மில்லிமீற்றர் என்றால் 60,000 லீற்றர்.

இப்போது தேவையைப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர். மொத்தம் 25 லீற்றர். மழையில்லாத 200 நாளுக்கு 5000 லீற்றர். அந்தத் தொட்டியை நிரப்ப 100 மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூடிய மழை போதும். கார்த்திகையில் அது சில நாள் வேலை.

கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று விளங்குகிறதா? தொட்டி நிரம்பிய பிறகும் 50,000 லீற்றருக்கு மேல் அந்தக் கூரையிலிருந்து வழிகிறது. பலர் 5000 லீற்றரோடு வேலையை முடித்துவிட்டு, மிச்சத்தை ஒழுங்கைக்கு விடுகிறார்கள்.

கூரையும் பீலியும்

ஓடும் தகரமும் நல்ல கூரைகள். கிடுகுக் கூரைத் தண்ணீர் நிறம் பிடித்து வரும். அதைத் தோட்டத்துக்கு விடுங்கள், குடிக்க வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் பழசாகி உதிரத் தொடங்கியிருந்தால் அந்தத் தண்ணீரையும் குடிக்க எடுக்காமல் இருப்பதே நல்லது. அதைவிட முக்கியம், அந்தத் தகட்டைக் காய்ந்த நிலையில் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்தத் தூசு மூச்சோடு உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து.

கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலிக்குக் கடையில் விற்பதை வாங்கலாம். இல்லையென்றால் 4 அங்குல பீ.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒரு குழாயில் இரண்டு பீலி. கூரையின் ஒரு பக்கம் 30 சதுர மீற்றர் அளவில் இருந்தால் அது தாங்கும். 30 அடி நீளத்துக்கு 3 முதல் 4 அங்குலம் சரிவு கொடுங்கள். சரிவு குறைந்தால் இலை தங்கி நுளம்பு பெருகும். கூடினால் ஒரு முனையில் ஓட்டுக்கும் பீலிக்கும் இடைவெளி விழுந்து, வாடைக் காற்றோடு வரும் மழை பீலியைத் தாண்டிப் போய்விடும். தாங்கிப் பட்டிகளை இரண்டரை அடிக்கு ஒன்றாக அடியுங்கள். வன்னியில் குரங்கு பீலியில் தொங்கும் என்பதை மனதில் வைத்தே அடியுங்கள்.

கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வேப்பங்கிளையையும் முருங்கையையும் வெட்டுங்கள். இலை மட்டும் பிரச்சினை இல்லை. அந்தக் கிளை வழியாகத்தான் குரங்கும் அணிலும் கூரைக்கு வருகின்றன. எச்சம் தண்ணீரோடு தொட்டிக்குப் போகிறது.

முதல் மழையைத் தள்ளுவது

பருவத்தின் முதல் மழை கோடை முழுக்கப் படிந்த புழுதியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தொட்டிக்குள் விடவே கூடாது. அது நிலத்துக்கு. பிறகும், சில நாள் வெயில் எறித்து மறுபடி மழை வரும்போதெல்லாம் முதல் 30 முதல் 60 லீற்றரைத் தள்ள வேண்டும். மேலே சொன்ன கூரைக்கு அது அரை முதல் ஒரு மில்லிமீற்றர் மழை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு ரீ (T) இணைப்பைப் பொருத்தி, கீழ்நோக்கி அடைத்த குழாய் ஒன்றை இறக்குவது. முதல் தண்ணீர் அதற்குள் நிரம்பிய பிறகே மிச்சம் தொட்டிப் பக்கம் திரும்பும். ஆனால் 4 அங்குலக் குழாய் ஒரு மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும். படங்களில் காட்டுவதுபோல மூன்றடிக் குழாய் ஒன்றை இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பது வீண். 6 அங்குலக் குழாய் இரண்டு மீற்றர் போட்டால் 36 லீற்றர் பிடிக்கும். மூடியுள்ள பழைய பிளாஸ்ரிக் பரல் ஒன்றைப் பொருத்துவது இன்னும் மலிவு. அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கட்டும். மழை விட்ட பிறகு தானாக வடிந்துவிடும்.

மற்ற வழி, குழாயின் கடைசி எல்போவை ஒட்டாமல் விட்டுவிட்டு, மழை தொடங்கும்போது கையால் வெளியே திருப்பி, தண்ணீர் தெளிந்ததும் உள்ளே திருப்புவது. செலவில்லை. ஆனால் இரவு மழைக்கு எழும்ப வேண்டும். எழும்புகிற ஆள் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

தொட்டி

1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் உலக வங்கி உதவியுடனான குடிநீர்த் திட்டம் ஒன்றில் பூசணிக்காய் வடிவச் சீமெந்துத் தொட்டி அறிமுகமானது. கம்பி, கோழிக்கூட்டு வலை, அதன்மேல் மெல்லிய சீமெந்துப் பூச்சு. கொள்ளளவு 5000 லீற்றர். அதே வகைதான் இன்று வடக்கிலும் பரவலாக நிற்கிறது. கடையில் வாங்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி வேகமான வழி. ஆனால் 5000 லீற்றருக்குச் சேர்க்கும்போது விலை கடிக்கும். நிழலில் வைக்க இடமும் வேண்டும். ஊரில் பழகிய மேசன் இருந்தால் என்னுடைய தெரிவு சீமெந்துத் தொட்டிதான். உடைந்தாலும் ஒட்டலாம்.

இடம் தெரிவதில் அவசரப்படாதீர்கள். 5000 லீற்றர் என்றால் 5 தொன் பாரம். நம்முடைய வளவுகளில் போர்க்காலத்தில் வெட்டிப் பிறகு மூடிய பங்கர்கள் எத்தனை! மூடி எத்தனை ஆண்டானாலும் அந்த மண் பழைய மண்ணாகாது. அதன்மேல் தொட்டி வைத்தால் ஒரு பக்கம் கீழே இறங்கும், மறுபக்கம் வெடிக்கும். வீட்டில் மூத்தவர்களிடம் எங்கே இருந்தது என்று கேட்டுவிட்டுத் தொட்டிக்கு இடம் அளவெடுங்கள்.

அடியில் கொங்கிறீற் தளம், அதன்மேல் கம்பிக் கூடு, இரண்டு சுற்று வலை, உள்ளும் வெளியும் பூச்சு. சீமெந்தும் மணலும் ஒன்றுக்கு மூன்று. மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் கடல் மணல் சும்மா கிடக்கிறதே என்று ஆசை வரும். அதிலுள்ள உப்பு வலையைத் துருப்பிடிக்க வைத்து, சில ஆண்டில் தொட்டியைச் செதில் செதிலாக உரித்துவிடும்.

பூச்சு முடிந்ததும் ஈரச் சாக்குப் போர்த்தி, குறைந்தது ஒரு கிழமை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதனால் ஆடி, ஆவணியில் கட்டத் தொடங்காதீர்கள். வேலையாள் அப்போது கிடைப்பார், நனைக்கத் தண்ணீர் கிடைக்காது. பங்குனி, சித்திரை சரியான காலம். கிணற்றில் தண்ணீரும் இருக்கும்.

மற்றபடி: வெளிச்சம் புகாத மூடி, இல்லையென்றால் பாசி பிடிக்கும். உள்வரும் வாயிலும் வழிவாயிலும் நுளம்பு வலை, இல்லையென்றால் சுகாதாரப் பரிசோதகர் டெங்குவுக்குத் தண்டம் எழுதுவார், எழுதுவதும் நியாயம். குடிநீர்க் குழாய் தளத்திலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே, அடியில் தங்கும் மண் வாளிக்கு வராமல். முதல் நிரப்பலில் சீமெந்து வாடை அடிக்கும். அதைக் கழுவ, துவைக்கப் பாவித்து முடியுங்கள். கோடையில் தொட்டியை அடியோடு காய விடாதீர்கள். ஒரு சாண் தண்ணீராவது நிற்கட்டும். காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும்.

குடிக்கலாமா?

குடிக்கலாம். வன்னியில் சில இடங்களில் கிணற்றுத் தண்ணீரை விட இதையே குடிக்க வேண்டும். வவுனியா முதலான பகுதிகளில் பாறைக் கிணறுகளில் புளோரைட் கூடுதலாக இருப்பது தெரிந்த விடயம். பிள்ளைகளின் பல்லில் வரும் பழுப்புக் கறை அதன் அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் முழுதாகத் தெளியாத சிறுநீரக நோயும் பதிவாகியிருக்கிறது. கூரையில் சேரும் மழைநீரில் புளோரைட்டும் இல்லை, பாறையிலிருந்து கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும் காவியும் இல்லை.

ஆனால் கிருமி இருக்கலாம். அதற்குக் கொதிக்க வைத்து ஆறவிடுவதே போதும். தேநீர் சப்பென்று இருக்கிறது என்று முதல் மாதம் வீட்டில் முறைப்பாடு வரும். காவித் தண்ணீருக்குப் பழகிய நாக்கு அப்படித்தான் சொல்லும். பருப்பு கெதியாக அவிவதைக் காட்டிச் சமாதானம் செய்யுங்கள்.

மிச்ச 50,000 லீற்றர்

தொட்டியின் வழிவாயிலிருந்து ஒரு குழாயை ஊறு குழிக்கு இழுங்கள். 4 அடிக்கு 4 அடி, 5 அடி ஆழம் போதும். வெறுங் குழியாக விட்டால் 2200 லீற்றருக்கு மேல் பிடிக்கும். உடைகல்லும் சல்லியும் போட்டு நிரப்பினால் அதில் பாதியும் பிடிக்காது, ஆனால் சுவர் இடியாது, பிள்ளை விழாது. அடியில் பெரிய கல், நடுவில் சல்லி, மேலே ஒரு அடி மணல். மேல் மணலை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் போடுங்கள். அடைப்பு எப்போதும் அங்கேதான்.

தூரங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலசலகூடக் குழியிலிருந்து 50 அடியாவது தள்ளி, வீட்டு அத்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி. மலக்குழி, ஊறு குழி, கிணறு மூன்றும் ஒரே சரிவில் வரிசையாக வந்தால் ஊறு குழியை வேறு பக்கம் மாற்றுங்கள்.

கூரைத் தண்ணீரைக் குழாயால் நேரே கிணற்றுக்குள் விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. முதல் மழையைத் தள்ளி, மணல் வடியையும் தாண்டி வந்தால் தவிர நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முற்றத்துத் தண்ணீரையும் வயல் தண்ணீரையும் எந்த நிலையிலும் கிணற்றுக்குள்ளோ குழாய்க்கிணற்றுக்குள்ளோ விடாதீர்கள். மாட்டுச் சாணமும் பயிருக்கு அடித்த மருந்தும் சேர்ந்தே போகும். போனதை இறைத்து எடுக்க முடியாது.

பிரசுரங்களில் அதிகம் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. பாறை நிலத்தில் மார்கழி வந்தால் நிலம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கிணறு விளிம்பைத் தொடும்போது ஊறு குழிக்குள் தண்ணீர் நிற்குமே தவிர இறங்காது. அந்தக் குழி உண்மையில் உழைப்பது ஐப்பசியின் தொடக்க மழைக்கும், பங்குனி, சித்திரை மழைக்கும்தான். ஆகவே சித்திரையில் குழி அடைபடாமல் இருக்க வேண்டும். மார்கழியோடு அதை மறந்துவிடாதீர்கள்.

களி நிலக்காரர் என்ன செய்வது? தண்ணீரை ஆழத்துக்கு அனுப்பும் ஆசையை விட்டுவிட்டு, மேல் மண்ணில் நிறுத்துங்கள். தென்னையைச் சுற்றி, அடியிலிருந்து நாலைந்து அடி தள்ளிக் கிடங்கு வெட்டி, பொச்சு மட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்கள். சரிவான வளவில் சரிவுக்குக் குறுக்கே முழங்காலுக்குக் கீழான வரம்புகள் போடுங்கள். குழை போட்டு மூடுங்கள். கிணறு ஏறாது. ஆனால் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டிய நாட்கள் குறையும், அதுவும் சேமிப்புத்தான்.

வேலிக்கு வெளியே: குளம்

ஒரு வீட்டு ஊறு குழியால் அந்த வீட்டுக் கிணறு கோடை முழுக்க நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊறிய தண்ணீர் உங்கள் வேலியை மதித்து நிற்பதில்லை. ஐம்பது வீடு சேர்ந்து செய்தால் பலன் தெரியும். அதைவிடப் பெரிய பலன் குளத்தில். குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் கிணறுகள் கடைசியாக வற்றுகின்றன என்பது வன்னியில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டிய விடயம் இல்லை. மழை முடிந்த பிறகும் குளம் மெதுமெதுவாக நிலத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது. மார்கழியில் நிரம்பி வழியும் பாறை நிலத்துக்கு வேண்டியது அப்படி நின்று கொடுக்கும் தண்ணீர்தான்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களை நாம் போய்த் திருத்த முடியாது. ஊர்ச் சிறுகுளங்கள் கைக்கு எட்டும். 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கமக்கார அமைப்பு வழியாகக் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். தூர் வாரும்போது கண்டபடி ஆழமாக்க விடாதீர்கள். அடிக்களியை உடைத்தால் தண்ணீர் ஒரேயடியாக இறங்கிவிடும். குளத்துத் தண்ணீரின் விளிம்பான அலைகரையில் காடு வெட்டி வயல் செய்பவரைத் தடுப்பது தூர் வாருவதைவிடக் கடினம், ஏனென்றால் அவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார். ஆனாலும் அந்த மரங்கள் போனால் வாரிய வண்டல் சில மாரியில் திரும்பி வந்துவிடும்.

ஆண்டு வேலை

புரட்டாதியில் கூரை, பீலி, வலைகளைக் கழுவுங்கள். தொட்டியின் அடிச்சேற்றை வாருங்கள். உள்ளே இறங்குபவர் தனியே இறங்க வேண்டாம், மூடியைத் திறந்து காற்றோட விட்டு, வெளியே ஒருவர் நிற்க வேண்டும். ஐப்பசியின் முதல் மழைகள் குழிக்கு. கார்த்திகையில் தொட்டிக்கு. மழை பெய்யும் மாதங்களிலும் தொட்டித் தண்ணீரையே குடியுங்கள், மார்கழிக் கடைசி மழையில் அது தளும்ப நின்றால் போதும். தையில் வலைகளைப் பாருங்கள். பங்குனியில் ஊறு குழியின் மேல் மணலைக் கழுவுங்கள்.

கூடவே ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டி, கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் எத்தனை முடிச்சுக் கீழே என்று மாதத்துக்கு ஒருமுறை கலண்டரில் குறியுங்கள். காலையில், இறைப்பதற்கு முன். ஒரு ஆண்டுக் குறிப்பு ஒன்றும் சொல்லாது, மழை கூடியதா குறைந்ததா என்பதைத்தான் காட்டும். மூன்று நான்கு ஆண்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு, அதே ஆவணியில் பக்கத்து வளவுக் கிணறு எத்தனை முடிச்சில் நிற்கிறது என்றும் பார்த்தால், குழி உழைக்கிறதா இல்லையா என்று தெரியும்.